சுவருக்கு மேலால் வந்த ஆறு குளிசைகள்

இன்று காலையில் மகள் சுதாவுக்குக் குளிசை கொடுக்க மாத்திரை அட்டையைப் பிதுக்கினேன். வெள்ளித்தாள் கிழிந்த அந்தச் சின்னச் சத்தத்துக்கே குளிசையை நழுவவிட்டேன். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "என்னம்மா, ஒங்களுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டாள். இல்லையென்று சொல்லிவிட்டுக் குனிந்து தேடினேன். உன் ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

அவளுக்கு இன்ஃபுளுவென்சா. உடம்பு சுட்ட அன்றே கண்டிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். "ரெண்டு நாளைக்குள்ள வந்தது நல்லது, இந்த மருந்து அப்பதான் நல்லா வேலை செய்யும்" என்றார் டாக்டர். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஐந்து நாள். எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பதால், அவளிடமிருந்து தொற்றாமல் இருக்க எனக்கும் தினம் ஒன்று தந்தார். அதே மஞ்சளும் வெள்ளையுமான குளிசை. பத்து வருஷமாக அதைக் கண்ணில் காணக் கூடாது என்றிருந்தேன்.

உனக்கு நினைவிருக்கும், நாம் இருவரும் கண்டியில் புடவைக்கடையில் வேலைக்கு நின்ற காலம். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் இறங்குவோம். கடையில் எல்லாரும் இருமிக்கொண்டிருந்த வாரம் உனக்கும் காய்ச்சல் வந்தது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அதனால்தான் டாக்டர் உனக்கு அந்த மருந்தை எழுதினார், எங்களுக்கெல்லாம் வெறும் பனடோல் காய்ச்சல் மாத்திரைதான். "எனக்கு மட்டும் ராஜ வைத்தியம், பாத்தியா?" என்று பேப்பர் உறையை ஆட்டிக் காட்டினாய்.

நம் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிய காம்பராக்களுக்கு இடையில் சுவர் கூரையைத் தொடாது. உன் இருமல் என் அடுப்படியில் கேட்கும், என் மகளின் அழுகை உன் பாயில் கேட்கும். பங்கீடும் அந்த இடைவெளியால்தான் நடந்தது. உப்பு, மிளகாய், அவித்த பயறு, எது கேட்டாலும் பலகையில் ஏறி நின்று நீட்டுவோம். மருந்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா, தெரியவில்லை.

நீ மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் சுதாவுக்கு உடம்பு சுட்டது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. வெளியே மழை. பஸ்ஸுக்கு நடக்கச் சோம்பல் என்பதுதான் உண்மை. சுவரைத் தட்டினேன்.

"புள்ள, இவளுக்கு நெருப்பாக் கொதிக்குது. ஒன் குளிசையில ரெண்டு தருவியா?"

"ரெண்டு என்னா, மிச்சம் எல்லாத்தையும் வச்சுக்க. எனக்குத்தான் காய்ச்சல் விட்டுருச்சே."

உன் கை மேலால் வந்தது. உறைக்குள் ஆறு இருந்தன. பிள்ளைக்கு எவ்வளவு என்றுகூடக் கேட்காமல், குளிசையை உடைத்துத் தூளைச் சீனித்தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். நான்கு குளிசைகளில் அவளுக்குச் சரியாகிவிட்டது. அவளுக்கு வந்தது அந்தக் காய்ச்சல்தானா, வெறும் சளித் தடிமலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் உன் இருமல் திரும்பி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நீ மூச்சை இழுப்பதைக் கேட்டுக்கொண்டே சோறு வடித்தேன். இழுப்புக்கான பம்ப் அடித்தும் அடங்கவில்லை. உன் அண்ணன் திரீவீலர் கொண்டுவந்தார். நானும் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "தந்த மருந்த முழுசாக் குடிச்சாங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் அண்ணன். அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவள் நான். வாயைத் திறக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய், நீயும் சொல்லவில்லை. இரண்டு நாளில் போய்விட்டாய்.

இந்தமுறை டாக்டரிடம் யாரோ ஒருத்தியின் கதைபோலக் கேட்டுப் பார்த்தேன். "முழுசாக் குடிச்சிருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது" என்றார். இதில் எதைப் பிடித்துக்கொள்வது, நீயே சொல். அன்றிலிருந்து மகள் ஒரு தும்மல் போட்டாலும் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து வாங்கியதை யாரோ திருப்பிக் கேட்க வருவதுபோல ஒரு பயம்.

இன்று மத்தியானம் கேட்டே விட்டார்கள். உன் காம்பராவில் இப்போது இருக்கும் செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்க சின்னவளுக்கும் மேலு கொதிக்குது. ஒங்க குளிசையில ரெண்டு குடுங்களேன். ஒங்களுக்குத்தான் காய்ச்சல் ஒண்ணும் இல்லையே, சும்மாதானே குடிக்கிறீங்க?"

"தர மாட்டேன்" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. லயத்தில் யாரும் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. திரும்பிப் போகப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பத்து வருஷத்தில் முதல்தடவையாக, நீ தந்தது, நான் வாங்கியது, டாக்டர் கேட்டபோது ஊமையாக நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, அவளையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், பிள்ளைக்கு அளவு பார்த்து மருந்து கிடைத்துவிட்டது.

திரும்பி வந்தபோது சுதா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அலுமாரி திறந்திருந்தது. வாசலில் நான் பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மடியில், இத்தனை வருஷமும் எறிய மனமில்லாமல் சேலைகளுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த உன் பழைய பேப்பர் உறை. நீல மையில் எழுதிய உன் பெயரை வாய்விட்டு வாசித்தாள். உள்ளே மிச்சம் இருந்த இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள்.

"மத்த நாலும் நான் குடிச்சதாம்மா?"

தலையை ஆட்டினேன். அந்த இரண்டையும் உறைக்குள் போட்டு மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மாலைக் குளிசையைத் தானாகவே எடுத்து, என் முகத்தைப் பார்த்தபடி விழுங்கினாள்.