செங்கல் மிதித்த வண்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? சாப்பிடாமலே படுத்துவிடுகிறாய் என்று அக்கா சொன்னாள். எனக்காகவாவது நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே குளிரில் பல் கிட்டிப்போகிறது. காரில் ஹீட்டரோ குளிர்காற்றைத்தான் ஊதியது. இன்ஜின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுபோகும் கூலன்ட் திரவம் ஒழுகிய குழாயை நானே மாற்றினேன். புதிதாக ஊற்றும் கூலன்ட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். அது வெளியேற ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை ஒருவர் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக மிதிக்க வேண்டும்.

நம் வீட்டில் மிதிப்பது அப்பா வேலை. வண்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தையல்காரர் கால் அல்லவா, இன்ஜின் சத்தம் ஏறாது, இறங்காது. "தைக்கத் துணியே இல்லாம எவ்வளவு நேரம்டா மிதிக்கிறது?" என்று அலுத்துக்கொள்வார்.

இங்கே ஆளில்லாமல் பெடலில் செங்கல் வைத்தேன். அதற்கு அளவு தெரியவில்லை, கூலன்ட் சட்டையெல்லாம் தெறித்தது. சுடவில்லை, பயப்படாதே. சின்னக் கல்லாக மாற்றிய பிறகு குமிழி நின்றது. குனிந்தபடியே, "போதும்ப்பா, காலை எடுங்க" என்று கத்திவிட்டேன்.

சத்தம் குறையவே இல்லை.

கடைசியாக முகம் பார்க்கக்கூட வர முடியாத எனக்கு, அப்பா இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது அம்மா.

ஹீட்டர் இப்போது நன்றாகச் சுடுகிறது. அப்பா தைத்த முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது. தையல் மெஷினை அக்கா கேட்டாள், எடுத்துக்கொள்ளட்டும். நான் வரும்வரை மட்டும் அதை யாரும் மிதிக்க வேண்டாம்.

உன் மகன்