பாஸ் சொல்லாதே

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதும் கண்டக்டர், "பாஸாம்மா?" என்று கேட்டார். அட்டையை நீட்டினேன். நீ இருந்திருந்தால், "ரெண்டு பேரும் பாஸ்தான் அண்ணே, கணக்குல மட்டும் இவ ஃபெயில்" என்று எல்லாருக்கும் கேட்கும்படிச் சொல்லியிருப்பாய். காவிரிப் பாலம் தாண்டும்வரை நான் உன்னோடு பேசாமல் வந்திருப்பேன்.

அந்த ஒரு சொல்லை நாம் என்ன பாடு படுத்தினோம்! பரீட்சையில் பாஸ், பஸ்ஸுக்குப் பாஸ், த்ரோபாலில் "இங்க பாஸ் பண்ணுடி", கொறிப்பதற்கு டைம்பாஸ் கடலை, ஊருக்கு வெளியே பைபாஸ். மலைக்கணவாய்க்கும் அதே பெயர்தான் என்று நான் அகராதியில் கண்டுபிடித்து ஓடிவந்தேன். "மலை ஃபெயிலான எடத்துக்கா பாஸ்னு பேரு வச்சாங்க, ஏய் டிக்‌ஷனரி?" என்றாய்.

ஒரே ஓர் இடத்தில்தான் உனக்கு அந்தச் சொல் பிடிக்காது: வினாடிவினா. பதில் தெரியாவிட்டால் 'பாஸ்' என்று சொல்லிவிடலாம். கேள்வி அடுத்த அணிக்குப் போகும், நமக்கு நஷ்டமில்லை. தவறாகச் சொன்னால் மதிப்பெண் போகும். தென்னூரில் நடந்த போட்டியில் ஏதோ ஓர் ஆப்பிரிக்க நாட்டின் தலைநகரைக் கேட்டார்கள். நான் 'பாஸ்' சொல்ல வாயெடுத்தேன். நீ மேசைக்கடியில் என் காலை மிதித்துவிட்டு, "உறையூர்!" என்று கத்தினாய். அரங்கமே சிரித்தது. "ஒரு காலத்துல அதுவும் தலைநகரம்தானே சார்?" என்று நடுவரிடம் வாதாடினாய். தோற்றோம். வெளியே வந்ததும் நான் முறைத்தேன். "தெரியலைன்னா தப்பாச் சொல்லுடி. நம்மகிட்ட கேட்ட கேள்விய நாமளே தூக்கி அடுத்தவங்களுக்குக் குடுப்போமா?" என்றாய்.

பிறகு உன் சிறுநீரகங்கள் கெட்டுப்போயின. தில்லை நகர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா வந்து, "யூரின் பாஸ் ஆச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லக்கா, அரியர் வச்சிருக்கேன்" என்றாய். அக்கா சிரித்தார். வராந்தாவில் உன் அம்மாவிடம் பேசும்போது அவர் சிரிக்கவில்லை. கதவு இடுக்கில் நீயும் அதைப் பார்த்தாய்.

"பயமா இருக்காடி?" என்று கேட்டேன்.

"இருக்கு. அதுக்காகப் பாஸ் சொல்லிடுவேனா?"

நேற்று இங்கிலீஷ் மிஸ் என்னைக் கூப்பிட்டு, இன்றைய பிரேயரில் உனக்காக வாசிக்க ஒரு தாள் கொடுத்தார். இரண்டாவது வரியிலேயே இருந்தது, 'பாஸ்டு அவே'. நீ மைக்கைப் பிடித்து 'பாஸ்' என்று சொல்லிவிட்டு, நாற்காலியை நகர்த்தி எழுந்து போனதுபோல.

"மிஸ், இது வேணாம். 'டைடு'ன்னு வாசிக்கிறேனே."

"அது மரியாதையா இருக்காதும்மா. கேக்கறவங்களுக்கும் கஷ்டமா இருக்கும்."

"கஷ்டமாத்தான் மிஸ் இருக்கு."

அவர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "எழுதினத வாசி. இல்லைன்னா வேற யாராவது வாசிக்கட்டும்."

வேறு யாராவதா? அந்தத் தாளை விடாமல் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று மைக் முன்னால் நின்றேன். இரண்டாவது வரி வந்தது. 'ஷீ டைடு' என்று வாசித்தேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். நீ செத்துப்போனாய். கடைசிவரை பதில் தேடிக்கொண்டே செத்துப்போனாய். உன் கேள்வியை நீ யாரிடமும் தள்ளிவிடவில்லை. அதை மாற்றிச் சொல்ல நான் யார்?

இனி எனக்குப் பிரேயரில் மைக் கிடையாதாம். மிஸ் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. கிடைக்காவிட்டால் போகட்டும்.

அடுத்த வினாடிவினாவுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் யாரையாவது உட்காரவைப்பார்கள். எனக்குத் தெரியாத கேள்வி கட்டாயம் வரும். அப்போது அவள் காலை மிதித்துவிட்டு, அரங்கம் அதிர, "உறையூர்!" என்பேன்.