தண்ணி வந்துடுச்சு

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீ போனில் "நல்லா இருக்கேன்" என்ற ஒரு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

போலீஸ் பேச்சை எடுத்தாலே உனக்கு எரியும், தெரியும். எவனோ திருடிய வண்டிக்காக உன்னை நடுத்தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஆள் மாறிப்போச்சு, கிளம்புடா என்று அனுப்பினார்கள். அன்று ஊரை விட்டுப் போனவன் இன்னும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முழுசாகப் படி.

புதிதாக ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். தெருவும் போலீசும் உட்கார்ந்து பேசலாம் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மேடமே தெருவுக்கு வந்துவிட்டார். போலீஸ் தலை தெரிந்தால் "தண்ணி வந்துடுச்சு" என்று குரல் கொடுப்பது நம் தெரு வழக்கமாயிற்றே. தையல்காரர் கொடுத்தார். படபடவென்று கதவுகள் மூடிக்கொண்டன. பார்த்தால், பின்னாலேயே நிஜமாகவே தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. பாவம் தையல்காரர், மறுபடியும் அதையே தொண்டை கிழியக் கத்தினார். கத்தக் கத்த, திறந்திருந்த ஜன்னல்களும் சாத்திக்கொண்டன.

கடைசியில் வரிசையில் கிடந்த குடங்களையெல்லாம் மேடமும் கூட வந்த போலீஸ்காரரும்தான் பிடித்து வைத்தார்கள். தையல்காரர் அசடு வழிந்துகொண்டே விஷயத்தை உடைத்தாராம். மேடம் சிரித்த சிரிப்பு நம் அடுப்படி வரை கேட்டது.

அடுத்த கூட்டத்தில் உட்கார இடமில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், உனக்கு நடந்ததைச் சொல்லி, இனி எங்கள் ஆட்களை விசாரிக்கக் கூப்பிட்டால் தெருவிலிருந்து ஒருவர் துணைக்கு வருவார் என்றேன். அப்படியென்றால் நீங்களே வாங்க என்று மேடம் என் தலையிலேயே கட்டிவிட்டார். போன வாரம் சைக்கிள் கடைக்காரரை ஒரு திருட்டு விஷயமாகக் கூப்பிட்டார்கள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு அதட்டல் இல்லை. அவரும் தனக்குத் தெரிந்ததைப் பயப்படாமல் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார்.

நான் கிளம்பும்போது மேடம் என்னை நிறுத்தினார். "உங்க தம்பி எப்ப வருவாரு? அவரு ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நான்தான் வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேக்கணும்."

வருவாரு என்றாரடா. உன்னை அவன் இவன் என்று பேசிய அதே ஸ்டேஷனில். அம்மாவிடம் சொன்னால், நம்பாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். வருவாயா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா விடவில்லை. எந்த வண்டியில் வருகிறான் என்று கேள் என்கிறாள்.

உன் பதில் வரும்வரை இவளைச் சமாளிக்கப்போகும்,
அக்கா