ஒரே அடியில் உடைய வேண்டிய மிஷின்

4-10-97, சனி

காலையில் தூறல். சாமுண்டி மலை இருந்த இடத்தில் வெறும் மேகம். சைக்கிள் சீட் நனைந்திருந்ததைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். மில்லில் மத்தியானம் வரை சுவரோரமாகவே நடமாட்டம்.

இந்த டைரியில் கடைசியாக எழுதியது ஜனவரி 9. "இனி தவறாமல் எழுத வேண்டும்" என்று இருக்கிறது. நல்ல கையெழுத்து.

மறுபடி எழுதக் காரணம், வீட்டில் நாடகம். மெய்யான நாடகம். மில் கிளப்பில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புராணம் போடுவோம். பல வருஷமாக எனக்கு வாயில்காப்போன் வேஷம். வசனம்: "ஆகட்டும் பிரபு." இந்த வருஷம் தேவர்களின் கிரீடத்தையெல்லாம் எலி கடித்துவிட்டது. கிளப் செக்ரட்டரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது என் மகள் சுமதி போய், "நான் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன் அங்கிள். கிரீடம் வேண்டாம், தொப்பி போதும்" என்றாளாம். உடனே சரி என்றுவிட்டார்.

சுமதி (இனி சு.) பி.ஏ. கடைசி வருஷம். சரித்திரம். நாடகம் இங்கிலாந்துக் கிராமத்து நெசவுக்காரர்களைப் பற்றி, இருநூறு வருஷத்துக்கு முந்தின கதை. எழுதியது கன்னடத்தில். அவளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும், எனக்குக் கன்னட எழுத்து. அவள் வாசிக்க வாசிக்க என் வசனத்தைத் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டேன். இந்தத் தடவை ஊர்ச்சனத்துக்கு நான்தான் தலைவன். வீட்டில் நூற்கிற வேலையைப் பிடுங்கிக்கொண்ட மில் மிஷினைக் கடைசி சீனில் சுத்தியலால் உடைக்கிறவன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாகத் தறி ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டருக்கு இப்படி ஒரு வேஷம்.

விஷயம் நாடகத்தோடு முடியவில்லை. சு. இங்கேயே கங்கோத்ரி யூனிவர்சிட்டியில் எம்.ஏ. சேர வேண்டும் என்கிறாள். அவள் அம்மா ருக்கு வேண்டாம் என்கிறாள். ருக்குவின் அண்ணன் ஹனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறார், பரீட்சை முடிந்ததும் டீச்சர் வேலை. தசராவுக்கு வருகிறார். பதில் சொல்லியாக வேண்டும்.

சாப்பிடும்போது:

"இன்னும் ரெண்டு வருசம் என்னத்தடி படிப்பே? வெள்ளக்காரன் வேட்டி நெய்ஞ்ச கதையா?"

"வேட்டி இல்லம்மா, கம்பளி."

"ஏதோ ஒண்ணு. நாடகத்தப் பாக்கறேன். நீ படிக்கறது என்னன்னு எனக்கும் தெரியட்டும். அண்ணன் பஸ் ஏறதுக்குள்ள சொல்றேன்."

என்னை யாரும் கேட்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது என்றேன்.

5-10, ஞாயிறு

மழை இல்லை. நாடகத்துக்கு மிஷின் கட்டினேன். சாமான்: பழைய சைக்கிள் வீல், மூங்கில், பக்கத்து வீட்டு டி.வி. வந்த அட்டைப்பெட்டி, நூல் கட்டைகள், கயிறு, போல்ட் கொஞ்சம். (கொஞ்சம் இல்லை.)

சு. விளக்கினாள். வீட்டு ராட்டையில் நூல் சுற்றுகிற கதிர் ஒன்றுதான். மில் மிஷினில் வரிசையாகக் கதிர்கள். ஒரு ஆள் சக்கரத்தைச் சுற்றினால் ஊரில் இருக்கிற எல்லாப் பெண்களின் வேலையும் அங்கேயே முடிந்துவிடும்.

வேலை முடிந்தது. வீலைச் சுற்றினால் அத்தனை கட்டையும் சுற்றுகிறது. எண்ணெய் விட்டதும் சத்தமே இல்லை. அக்கம்பக்கம் வந்து பார்த்தார்கள். கேட்காதவர்களுக்கும் சுற்றிக் காட்டினேன்.

சு. வந்தாள். ஒரு தள்ளு தள்ளினாள். அசையவில்லை.

"அப்பா! இது ஒரே அடியில உடையணும்!"

"தெரியும்மா."

"அப்பறம் எதுக்கு இத்தன போல்ட்டு?"

"ஆடிச்சுன்னா நல்லாருக்காதே."

"அது உடையறதுக்குத்தான்ப்பா இருக்கு!"

போல்ட் எல்லாவற்றையும் கழற்றினேன். ஒரே ஒரு மர ஆப்பு. அடித்தால் ஆப்பு தெறித்து மொத்தமும் சரியும். கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் மனசுக்குள் மன்னிப்பு கேட்டேன். இதை ருக்குவிடம் சொல்லவில்லை.

6-10, திங்கள்

கிளப்பில் ஒத்திகை. பசவராஜு எனக்கு அடுத்த தலைவன். மில்லிலும் பக்கத்து ஷெட், தறி ஓட்டுகிறவன். வசனம் ஒன்றும் ஏறவில்லை, மீசை மட்டும் ரெடி.

முதல் சீன் ஒரு வீடு. மாடியில் தறி, கீழே கணப்பு. புருஷன் நெய்கிறான், மனைவியும் குழந்தைகளும் நூற்கிறார்கள். வெளியே ஒரு பசு, துண்டு நிலம். வியாபாரி குதிரையில் கம்பளி மயிர் கொண்டுவந்து போட்டுவிட்டு, துணியாக எடுத்துப்போவான். திங்கட்கிழமை மட்டும் தறியில் கை வைக்கமாட்டார்களாம். அவர்களாக வைத்துக்கொண்ட லீவு.

பசவராஜு: "ஞாயித்துக்கெழம லீவு, சரி. திங்கக்கெழம எதுக்கு?"

"ஞாயித்துக்கெழம குடிச்சது தெளியறதுக்கு அங்கிள்."

பசவராஜு எழுந்தான். இங்கிலாந்து எந்தத் திசை என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

பிறகு மில் வந்தது. மணி அடித்தால் உள்ளே இருக்க வேண்டும், தாமதமானால் கேட் சாத்திவிடுவார்கள். திங்கட்கிழமை போயிற்று. இதைச் சு. சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் மில்லுக்கு ஷட்டில் இல்லாத, பாதி ஆள் போதும் என்கிற புதுத் தறி வரப்போவதாக ஒரு மாதமாகப் பேச்சு. செக்ரட்டரி சு.வைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, இது நம்ம மில்லப் பத்தி இல்லியே?"

"இங்கிலாந்து, அங்கிள்."

"அப்ப சரி."

7-10, செவ்வாய்

மழை. வயிறு சரியில்லை, கிளப் போண்டா. வீட்டிலேயே வசனம் பார்த்தோம். ருக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். கடைசியில் நான் சுத்தியலுக்குப் பதில் கரண்டியை ஓங்கியபோது:

"ஏண்டி, மொதல் சீன்ல நூல் நூத்தாளே, அந்தப் பொம்பள என்னானா?"

"எந்தப் பொம்பளம்மா?"

"தலைவன் பொண்டாட்டி. மிஷின் வந்ததும் மொதல்ல வேல போனது அவளுக்குத்தானே? அப்பறம் ஆளையே காணம்."

சு. சரித்திரப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "இதுல ஆம்பளைங்க கலாட்டா பண்ணதுதான் இருக்குதும்மா."

"ம்."

பிறகு ருக்கு, பீன்ஸைப் பார்த்தபடி: "கல்யாணத்துக்கு முந்தி எங்கூரு கௌதள்ளில நாங்க ஊட்லயே பட்டு நூல் எடுத்தோம். யாவாரி பட்டுக்கூடு கொண்டாந்து போடுவான், நூலா எடுத்துட்டுப் போவான். ஒரு வாரம் வரல. அடுத்த வாரமும் வரல. அவ்வளவுதான். நாங்க ஒண்ணத்தையும் ஒடைக்கல. அடுப்பப் பத்த வெச்சுட்டு ஒக்காந்திருந்தோம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சு. எழுதிக்கொண்டாள். ருக்கு, "இதையெல்லாமா எழுதுவே?" என்று உள்ளே போய்விட்டாள்.

பீன்ஸ் பொரியலில் உப்பு இல்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

9-10, வியாழன்

மில்லில் வேலை இல்லை, தறி துடைப்பு மட்டும். கையெல்லாம் மண்ணெண்ணெய் வாசனை. மச்சான் ஹனூர் பஸ்ஸில் வந்தார், ஒரு பை நிலக்கடலையோடு. வந்ததும்: "அம்மணி, ஒனக்கு ஒண்ணாம் வகுப்புதான். நாக்காலி கூடப் பாத்துட்டேன், கை வெச்ச நாக்காலி!" சு. சிரித்தாள், பல் மட்டும்.

10-10, வெள்ளி

ஆயுத பூஜை. வெயில். விடிந்ததும் மில்லுக்குப் போய்விட்டேன். எங்கள் ஷெட்டில் எல்லாத் தறிக்கும் நான்தான் சந்தனம் குங்குமம். கேட்டில் பூசணிக்காய். பொரி, சுண்டல், வாழைப்பழம். அப்படியே நேராகக் கிளப்.

வீட்டில் ருக்கு பூஜை போட்டவை (பிறகு தெரிந்தது): தையல் மிஷின், மிக்ஸி, அரிவாள்மணை, என் ஸ்பேனர்கள், சு.வின் புத்தகங்கள், பேனா. இன்னொன்றும்.

மிஷினைப் பையன்கள் வீட்டிலிருந்து போர்வை போர்த்தித் தூக்கிவந்து மேடை மூலையில் வைத்தார்கள். யாரும் போர்வையை எடுத்துப் பார்க்கவில்லை.

ஹால் நிறைந்த கூட்டம். முதல் சீன் நன்றாகப் போயிற்று. திங்கட்கிழமைக்கு விசில். மில் மணி அடித்த சீனில் பின் வரிசையில் ஒரு குரல், "கேட் சாத்திட்டான்டோ!" ருக்கு சொன்ன பெண்ணுக்கும் சு. ஒரு காட்சி சேர்த்திருந்தாள். ராட்டையைத் துணியால் மூடிவிட்டு வாசலைப் பார்த்து உட்காருகிறாள், அவ்வளவுதான். ருக்கு மூன்றாவது வரிசை. முகம் தெரியவில்லை.

கடைசி சீன். முகத்தில் கரி, கையில் சுத்தியல், பின்னால் ஜனம். வசனம் தடுமாறாமல் வந்தது. "எங்கள் வீட்டு அடுப்பை அணைத்தது இதுதான்!" ஒரு பையன் போர்வையை இழுத்தான்.

வீல் நடுவில் மூன்று பட்டை சந்தனம், குங்குமம். மேலே ஒரு முழம் செவ்வந்தி. அடியில் எலுமிச்சம்பழம்.

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது.

அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அட்டைதானே. காலையில் இதே கையால்தான் தறிகளுக்கு வைத்தேன். கை இறங்கமாட்டேன் என்கிறது.

ஓரத்திலிருந்து சு.: "அப்பா! அடிங்க! அடிங்கப்பா!"

பின்னால் கலகக் கும்பல் என்ன செய்கிறது என்று திரும்பினேன். ஒருத்தன் செருப்பைக் கழற்றிவிட்டான். இன்னொருத்தன் வீலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனைப் பார்த்து அடுத்தவன். வரிசையாக எல்லாரும். பசவராஜு முன்னால் வந்து, நாடகத்தில் இல்லாத வசனத்தை அவனே சொன்னான்: "இவத்து பேடப்பா. இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு உடைச்சுக்கலாம்."

ஹால் இடிந்தது. சிரிப்பு, கைதட்டல், விசில். திரையை இழுத்தார்கள், அது என் சுத்தியலில் மாட்டிக்கொண்டது.

சு. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். வழியில் ருக்குவிடம், "நீதானே வெச்சே?" என்றேன்.

"மிஷின்னு சொன்னீங்க. வெச்சேன். நாடகத்து மிஷின்னு தனியா ஒண்ணு இருக்குதுங்களா?"

11-10, சனி

விஜயதசமி. சு. முகம் வீங்கியிருந்தது. "அழ வேண்டிய எடத்துல சிரிக்க வெச்சுட்டீங்க. அம்மா இனி எதுக்குச் சரின்னு சொல்லுவாங்க?" காதோரம் கரி இன்னும் போகவில்லை, அதைத் தேய்த்தேன்.

தசரா ஊர்வலம் பார்க்கக் காலையிலேயே சயாஜி ராவ் ரோட்டில் இடம் பிடித்தோம், மில் குடும்பங்கள் எல்லாம் ஒன்றாக. யானை வர மத்தியானம் ஆகும். பேச்சு நேற்றைய நாடகத்தில் போய் நின்றது.

"உடைச்சிருக்கணும். அவன் சோறு போச்சே."

"மிஷின் என்ன பண்ணிச்சு? வெச்ச மொதலாளிய இல்ல கேக்கணும்."

"அந்த ஊர்ல பூஜை போட்டிருந்தா உடைச்சிருக்கமாட்டான்."

"போடா, வயிறு காஞ்சா பூஜை போட்டதையும் உடைப்பான். புதுத் தறி வரட்டும், நீ என்ன பண்றேன்னு பாக்கறேன்."

"நானா? நான் அதையும் ஓட்டக் கத்துக்குவேன்."

"உன்னைய ஓட்ட விட்டாத்தானே!"

புதுத் தறி பற்றி மில்லுக்குள் இப்படி வாய்விட்டுப் பேசியதில்லை. பசவராஜு திரும்பி, "பாப்பா, உடைச்சாங்களே, அப்பறம் என்னாச்சு அவங்களுக்கு?" என்றான்.

சு. முதலில் தரையைப் பார்த்தே பதில் சொன்னாள். பட்டாளம் வந்தது. சிலரைத் தூக்கில் போட்டார்கள். ஆனால் கூலி கேட்டு ஒன்றாகச் சேரவும் அவர்களுடைய பிள்ளைகள்தான் பிறகு கற்றுக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல எழுந்து நின்றுவிட்டாள். தெரியாதவர்களும் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். பலூன்காரர் வியாபாரத்தை மறந்தார்.

"மொதல்ல வேல போனது பொம்பளைங்களுக்கு. எங்கம்மா கேட்டாங்க, அவங்க என்னானாங்கன்னு. எனக்கு இன்னும் பதில் தெரியல. அதைத்தான் படிக்கணும்" என்றாள்.

ருக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். பிறகு உரித்ததெல்லாம் சு. கையில்.

யானை வந்தது. நன்றாக இருந்தது. எனக்கு முன்னால் ஒரு உயரமான ஆள், ஆகவே அம்பாரியின் உச்சி மட்டும்.

12-10, ஞாயிறு

மச்சானை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்ட். வெயில், கூட்டம். ஜன்னலோர சீட்டுக்காகத் துண்டை எறிந்தேன், வேறு பஸ்ஸில் விழுந்தது.

"ஏன் ருக்கு, ஸ்கூல்காரருகிட்ட என்ன சொல்லட்டும்?"

"வேற ஆளப் பாக்கச் சொல்லுண்ணா. இவளுக்கு அந்தப் பொம்பள கத இன்னும் முடியல."

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பொம்பள?" பஸ் நகர்ந்துவிட்டது. சு. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் நடுவில் நின்றாள், ஐந்து வயதில் நின்ற மாதிரி.

எனக்குக் கண்ணில் தூசி. நிறைய தூசி.

13-10, திங்கள்

இங்கிலாந்தாக இருந்தால் லீவு. இங்கே முதல் ஷிப்ட்.

சாயங்காலம் வந்தால் நடையில் மிஷின். கிளப்பில் குப்பையில் போடப் பார்த்தார்களாம். பூஜை போட்டதைப் போடக்கூடாது என்று ருக்கு ஆளைவிட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள். பாத்ரூமுக்குப் பக்கவாட்டில்தான் போக முடியும். என் வயிற்றுக்கு அதுவும் சிரமம்.

ஆப்பு லூஸ். தொட்டால் சரிகிறது. போல்ட் டப்பாவை எடுத்தேன். சு. டார்ச் பிடித்தாள்.

"எனக்காக ஒரு தடவ அடிச்சிருக்கலாம்ப்பா" என்றாள். சிரித்துக்கொண்டுதான்.

சமையற்கட்டிலிருந்து ருக்கு: "நல்லா முடுக்குங்க. ரெண்டு வருசம் நிக்கோணும்."

ஒரு போல்ட் குறைகிறது. நாளை கடையில் வாங்க வேண்டும்.