முதல் துண்டு

அண்ணாமலை நகர்
9.8.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனில் அப்பா பக்கத்தில் இருப்பார், எனக்குப் பேச்சு வராது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இன்று விடுதியில் கோழிக் குழம்பு. என் அறைத்தோழி வெண்மதி மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டாள். கறி சாப்பிடுவதைக் குறைத்தால் பூமி சூடாவதும் கொஞ்சம் குறையும் என்று வகுப்பில் கேட்டதிலிருந்து இப்படித்தான். பரிமாறும் கதிர்வேல் அண்ணன், "என்னா பாப்பா, வெரதமா?" என்றார். ஆமாம் என்றிருந்தால் விட்டிருப்பார்.

"வெரதம்லாம் இல்லண்ணா. வெயிலு ஜாஸ்தியாவுது, அதான்."

"நீ ஒருத்தி துன்னலன்னா கடலூரு குளுந்துடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டாள். கோழி என்றால் அவள் உயிரை விடுகிறவள், அம்மா. எனக்கு அந்தத் தைரியம் வராது.

தம்பி இந்த வாரம் வந்தால் உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்ள. மணி அடித்துவிட்டது.

உன் மகள்,
இளவரசி

அடுத்த ஞாயிறு வருகிறேன். அப்பா எப்போதும் எடுக்கும் கறியில் பாதி போதும். நீ எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு வெறும் குழம்போடு எழுந்துவிடுவாய். இந்த முறை வெறும் குழம்பு எனக்கு. முதல் துண்டை உன் தட்டில் போட்டுக்கொள்.