மாமனுக்கு ஆகாத பல்

கருமத்தம்பட்டி
5.2.96

அன்புள்ள மாமா,

இதை யாரிடமும் காட்டாதீங்க. அத்தையிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்க.

தம்பி மனோஜுக்கு நேற்றே காது குத்தியாயிற்று. உங்கள் மடியில் உட்கார வேண்டியவனை அம்மாவின் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்தாங்க. அம்மா பந்திப் பக்கமே வரவில்லை.

எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் செய்து உங்களிடம் தேதி சொல்லச் சொன்னது என்னைத்தான். நான் வேண்டுமென்றே பதினெட்டு என்று சொன்னேன்.

காரணம் என் பல். மேல் முன்பல் விழுந்த இடத்தில் ரொம்ப நாளாக ஒன்றும் முளைக்கவில்லை. பிறகு ஆணி மாதிரிக் கூர்மையாக ஒன்று வந்தது. எங்கள் தறிக்கு நூல் சுற்ற வரும் நஞ்சம்மாள் பார்த்துவிட்டு, "இப்படிப் பல்லு வந்தா தாய்மாமனுக்கு ஆகாது அம்மணி, வாயை மூடிட்டே இரு" என்றாங்க. அந்த வாரமே உங்கள் கால் முறிந்தது. அன்றிலிருந்து வாயைப் பொத்தித்தான் பேசுகிறேன். அம்மாவுக்கே தெரியாது.

விசேஷம் முடிந்துவிட்டால் நீங்கள் மலையிறங்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் பதினெட்டாம் தேதி சீர்த்தட்டோடு வந்து நிற்பீங்களே! வராதீங்க மாமா.

பதிலை என் தோழி ஃபஹீமா வீட்டுக்குப் போடுங்க. முகவரி பின்னால் இருக்கிறது.

லோகப்பிரியா

வால்பாறை
9.2.96

அம்மணி லோகுவுக்கு மாமன் எழுதுவது.

அழுதுட்டே எழுதுனியா? மையெல்லாம் கலைஞ்சிருக்குது. என்ற கால் முறிஞ்சதுக்குப் பல்லு என்ன கண்ணு பண்ணும்? பாசி புடிச்ச படியில ஓடாதீங்கன்னு உங்கத்தை சொல்லச் சொல்ல ஓடுனேன்.

எஸ்டேட் டாக்டரைக் கேட்டேன். அது கூடுதல் பல்லா இருக்குமாம். சில புள்ளைகளுக்கு வருமாம். நெசப் பல்லு வழி கெடைக்காம ஈறுக்குள்ளயே நிக்குமாம். தள்ளிப் போடாம பல் டாக்டர்கிட்டக் காட்டோணுமாம்.

பதினெட்டாந்தேதி ஞாயித்துக்கிழமையே வாரேன். தேதியை நாந்தான் மறந்துபோட்டேன்னு சொல்லிக்கறேன். உம்பேரு வராது.

மாமன்
ஈஸ்வரமூர்த்தி

கருமத்தம்பட்டி
13.2.96

அன்புள்ள மாமா,

அப்படிச் சொல்லாதீங்க. "காலு வலின்னு வராம இருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன், மறந்துட்டாருன்னா எனக்கு அண்ணனே வேண்டாம்" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாங்க. உங்கள் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டாங்க.

உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் செய்தேன். இப்போது நீங்கள் நன்றாக இருக்கிறீங்க. அம்மாவுக்குத்தான் அண்ணன் இல்லை.

காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமென்று இருக்கிறேன். ஆனால் காலையானால் பயம் வந்துவிடும். அதனால் நீங்கள்

கதவு தட்டுறாங்க. "லோகு, இந்நேரத்துக்கு எதுக்கு லைட்டு எரியுது?" அம்மாதான். இந்தத் தாளை ஒளிக்கவில்லை மாமா, அப்படியே