மதினிக்காகப் போட்ட கையெழுத்து

என் கோபத்துக்கும் அன்புக்கும் உரிய அப்பா,

நேற்று திருநெல்வேலியில் வக்கீல் வீட்டில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரைப் பிரிந்து வாழ உத்தரவு கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் என் கையைப் பிடித்துத் தடுத்திருப்பீர்களா? பேனாவை எடுத்துக் கொடுத்திருப்பீர்களா? சங்கரன்கோவில் வந்து சேரும்வரை பஸ்ஸில் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

என்னைத் திருவேங்கடத்தில் கொடுத்து, அந்த வீட்டுப் பெண்ணையே அண்ணனுக்கு எடுத்து எனக்கு மதினியாக்கினீர்கள். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். "நம்ம பிள்ளை அங்கன, அவுக பிள்ளை இங்கன. எவன் கை நீட்டுவான்?" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னீர்கள். அவர் கை நீட்டினார், அப்பா. அண்ணன் நல்லவன், அவன் நீட்டவில்லை. நீங்கள் நினைத்தது அங்கேயே தப்பாய்ப் போனது.

நான் முகம் வீங்கி வந்து நிற்பேன். மறுநாளே மதினியைக் கூட்டிப்போக அவர்கள் வீட்டு வில்வண்டி வாசலுக்கு வந்துவிடும். மதினி சேலைகளை மடித்து வைப்பாள். "ஒனக்காக அவ வாழ்க்கையும் போகணுமா மக்கா?" என்பீர்கள். நானே பஸ் ஏறிவிடுவேன். எட்டு வருஷத்தில் எத்தனை தடவை என்று எனக்கே மறந்துவிட்டது. ஒரு தடவையாவது "இங்கனயே இரு, பாத்துக்கிடுவோம்" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

நீங்கள் சொல்லாததை மதினி சொன்னாள். இந்த மாசியில் என் மகள் செல்லத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வந்தபோதும் வண்டி வந்தது. மதினி வாசலுக்குப் போய், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போங்க. நான் வரலை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

புதிதாக வந்திருக்கும் இந்துத் திருமணச் சட்டத்தை வக்கீல் பொறுமையாக விளக்கினார். "அடிச்சதை மட்டும் எழுதினா, பிரிஞ்சு இருக்கதுக்குத்தாம்மா உத்தரவு கெடைக்கும். கல்யாணம் அப்படியே இருக்கும். இன்னொருத்தியோட குடும்பம் நடத்துதாருன்னு நிரூபிச்சா ஒரேயடியா அத்துவிடலாம். ஒனக்கு எது வேணும்?"

கோவில்பட்டியில் அவர் வைத்திருக்கும் பெண்ணை ஊரே அறியும். எனக்கு ஒரேயடியாகத்தான் வேண்டும், அப்பா. முப்பது வயசு கூட ஆகவில்லை. இன்னாரின் மனைவி என்று எழுதவே கை கூசுகிறது.

ஆனால் திருநெல்வேலிக்குப் புறப்படும் முன்பு மதினி என்னிடம் சொல்லியிருந்தாள்: "நீ எதை எழுதினாலும் நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் கோமதி. அத்துவிட்டா, எங்கம்மா சாகக் கெடந்தாலும் என்னய உள்ள விடமாட்டாக. என்னய நெனச்சு எழுதாத. நடக்கப் போறதைச் சொல்லுதேன், அவ்வளவுதான்." அவள் அம்மா, என் மாமியார், பக்கவாதத்தில் படுத்து ஆறு மாசமாகிறது.

அடியை மட்டும் எழுதச் சொன்னேன். கோவில்பட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. "பிரிஞ்சு இருந்தாப் போதும்" என்றேன். போதாது, அப்பா. போதவே போதாது. உத்தரவு வந்தபின் இரண்டு வருஷம் சேராமல் இருந்தால் மிச்சத்தையும் கேட்கலாமாம். அதுவரை இந்தத் தாலி என் கழுத்தில் கிடக்கும். யாருக்காகக் கிடக்கிறது என்று மதினியிடம் சொல்லப் போவதில்லை. உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

செல்லத்துக்கு ஏழு வயசு. அவளை ஒரு வீட்டில் கொடுத்து, அங்கிருந்து அண்ணன் மகனுக்குப் பெண் எடுக்கலாம் என்று சொந்தக்காரர்கள் இப்போதே பேசுகிறார்கள். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவளுக்குப் பிடித்தவனுக்கு அவளைக் கட்டிக் கொடுப்பேன். யாருக்கும் ஈடாகக் கொடுக்க மாட்டேன்.

இனி இந்த வீட்டிலேயே இருக்கப் போகும்
உங்கள் மகள்
கோமதி